சிலிக்கான் பீக் மறைந்தால் போதுமா? இரும்பு–சிலிக்கான் தூளை அரைக்கப் புதிதாக வருபவர்களுக்கு

இரும்புத் தூளையும் சிலிக்கான் தூளையும் எஃகுக் குண்டுகளோடு கிண்ணத்தில் அடைத்து, அதிக ஆற்றல் பால் மில்லில் (குண்டுகளை மோதவிட்டுத் தூளை அரைக்கும் இயந்திரம்) சில மணி நேரம் ஓட்டுங்கள். எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு) படத்தில் சிலிக்கானின் பீக்குகள், அதாவது கூர்முனைகள், ஒவ்வொன்றாகக் குட்டையாகி, கடைசியில் காணாமல் போகும். புதிதாக வருகிற மாணவர்களில் பலர் அந்த இடத்திலேயே "சிலிக்கான் இரும்பில் கரைந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். பாதி நேரம் அது கரைந்திருக்காது. சிலிக்கான் எளிதில் நொறுங்கும். நொறுங்கிய துணுக்குகள் சில நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்து, இரும்பின் மடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த அளவில் பீக் மிகவும் அகன்றுபோய் பின்னணி இரைச்சலோடு கலந்துவிடும். போதாததற்கு, இரும்பு எக்ஸ் கதிர்களை நன்றாக விழுங்கும். சிலிக்கானோ அவற்றைக் குறைவாகச் சிதறடிக்கும் லேசான அணு. ஆகவே பீக் மறைவது ஒரு தடயம்தான். உண்மையில் கரைந்ததா என்று தெரிந்துகொள்ள அரைவையை எப்படி அமைப்பது, எதை எப்படி அளப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இந்தக் கலவைக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். மின்மாற்றித் தகடுகளில் எடைப்படி சுமார் 3 சதவீதம் சிலிக்கான் இருக்கும். 6.5 சதவீதம் வரை கொண்டுபோனால் காந்தச் சுருக்க விரிவு (காந்தமாகும்போது நீளம் மாறும் குணம்) கிட்டத்தட்ட சுழியமாகி, மின்மாற்றியின் ரீங்காரம் அடங்கும். ஆனால் அந்த அளவில் அணுக்கள் ஒழுங்கு வரிசையில் அமரத் தொடங்குவதால் தகடு நொறுங்கும் தன்மை பெற்று, உருளைகளுக்கிடையே விரிசல் விடும். தூளாகச் செய்தால் அந்தத் தொல்லை இல்லை. 1930களில் ஜப்பானின் செண்டாய் நகரில் உருவான சென்டஸ்ட் என்ற இரும்பு–சிலிக்கான்–அலுமினியக் கலவையில், நொறுங்கும் குணத்தையே சாதகமாக்கிப் பொடியாக்கிக் காந்த உள்ளகங்கள் செய்தார்கள். பால் மில்லில் அரைத்தால் இன்னொன்றும் கிடைக்கிறது: சமநிலையில் ஒழுங்காக அமர வேண்டிய அணுக்களை ஒழுங்கின்றியே பிடித்து வைக்கலாம்.

முதலில் எந்த விகிதம் என்று முடிவு செய்யுங்கள்

அணு சதவீதத்தையும் எடை சதவீதத்தையும் குழப்பிக்கொள்வதுதான் இங்கே எல்லோருக்கும் வருகிற முதல் சிக்கல். மேலே சொன்ன எடைப்படி 6.5 சதவீதம் அணுக்கணக்கில் 12 சதவீதம். 75 அணு இரும்பு, 25 அணு சிலிக்கான் வேண்டுமென்றால் எடையில் சிலிக்கான் 14.36 சதவீதம்தான். 20 கிராம் தூளுக்கு இரும்பு 17.13 கிராம், சிலிக்கான் 2.87 கிராம்.

விகிதத்துக்கு ஏற்ப விளைவும் மாறும். சிலிக்கான் குறைவாக இருந்தால், இரும்பின் பொருள் மைய கனசதுர அமைப்பு (கனசதுரத்தின் மூலைகளிலும் நடுவிலும் அணு) அப்படியே இருக்க, சில இரும்பு அணுக்களின் இடத்தில் சிலிக்கான் அமரும். 25 சதவீதத்தை ஒட்டினால் சமநிலையில் வர வேண்டியது டி.ஓ.3 என்ற ஒழுங்கு அமைப்பு (இரும்பும் சிலிக்கானும் தத்தமக்குரிய இடங்களில் முறையாக அமர்வது); அரைவையில் பெரும்பாலும் ஒழுங்கற்ற வடிவம் கிடைக்கும். சரிபாதியில் கனசதுர இரும்பு மோனோசிலிசைடு தலைகாட்டும். மூன்றில் இரண்டு பங்கு சிலிக்கான் என்றால் பீட்டா இரும்பு டைசிலிசைடு என்ற குறைக்கடத்தியைத் தேடிப் போகிறீர்கள். அங்கே அரைவையோடு வேலை முடியாது, பிறகு சூடாக்கவும் வேண்டியிருக்கும். முதல் முயற்சிக்கு 75–25 எடுங்கள் என்பது என் யோசனை. மாற்றங்கள் பெரிதாக இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க ஏற்கெனவே அளந்து வைத்த எண்களும் நிறைய உண்டு.

இரும்புத் தூள் கார்போனைல் வகையா, மின்பகுப்பு வகையா என்று புட்டியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கார்போனைல் இரும்பில், ஹைட்ரஜனில் சுத்திகரிக்காத வகையாக இருந்தால், கொஞ்சம் கார்பன் கூடவே வரும். சிலிக்கான் தூள் மிக நைசாக வேண்டாம். எவ்வளவு நைசோ அவ்வளவு பரப்பு, அவ்வளவு ஆக்சைடு. 325 மெஷ் (சல்லடைக் கண்ணின் எண்) போதும். மீதியை மில் பார்த்துக்கொள்ளும்.

கிண்ணமும் குண்டும்

10 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு ஒன்று சுமார் 4.1 கிராம். குண்டுக்கும் தூளுக்கும் 10க்கு 1 என்ற எடை விகிதம் வைத்தால், 20 கிராம் தூளுக்கு 200 கிராம், அதாவது ஏறக்குறைய 49 குண்டுகள். 125 மில்லி கிண்ணத்தில் இது மூன்றில் ஒரு பங்கை நிரப்பும். குண்டுகள் பறந்து மோத மீதி இடம் வேண்டும். இன்னும் நாலு குண்டு போட்டால் சீக்கிரம் முடியுமே என்று திணித்தால் மோதலின் வேகம்தான் குறையும்.

கிண்ணம் எந்தப் பொருளில் இருக்கலாம்? இந்தக் கலவையைப் பொறுத்தவரை கடினமாக்கிய எஃகுக் கிண்ணத்துக்கே என் ஓட்டு. தேய்மானத்தில் வருவதும் பெரும்பாலும் இரும்புதான். அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். துருப்பிடிக்காத எஃகில் குரோமியமும் நிக்கலும் கூடவே வரும். டங்ஸ்டன் கார்பைடில் அதன் கூர்மையான பீக்குகள் படத்தில் வந்து நிற்கும். சிலிக்கான் உரசித் தேய்க்கிற கடினமான பொருள் என்பதால் தேய்மானம் நிச்சயம். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் குண்டுகளைக் கழுவி, உலர்த்தி, எடை போடுங்கள். நம் 20 கிராம் தூளில் ஒரு கிராம் எஃகு தேய்ந்து சேர்ந்தால் சிலிக்கான் 25 அணு சதவீதத்திலிருந்து 24க்கு இறங்கும். அறிக்கையில் "25" என்று போட்டுக்கொண்டு, அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டம்) அளவு ஏன் கொஞ்சம் பெரிதாக வருகிறது என்று பிறகு தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு சங்கடம் உண்டு. குண்டுகளின் மேல் தூளும் பூச்சாக ஒட்டிக்கொள்ளும். அப்போது தேய்ந்த எடையை ஒட்டிய எடை மறைத்துவிடும். புதிய கிண்ணம், புதிய குண்டுகள் என்றால், அதே கலவையில் கொஞ்சம் தூளைப் போட்டு ஒரு வெள்ளோட்டம் விட்டு, அந்தத் தூளைக் கொட்டிவிட்டுப் பிறகு உண்மையான ஓட்டத்தைத் தொடங்குவது நல்லது.

காற்றை வெளியேற்றுங்கள்

கிண்ணத்தை ஆர்கான் நிரப்பிய கிளவ் பாக்ஸுக்குள் (கையுறை பொருத்திய, காற்றுப் புகாத பெட்டி) நிரப்பி மூடுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு துகள் தூள் ஒட்டியிருந்தாலும் காற்று கசியும். மூடுவதற்கு முன் துடைத்துவிடுங்கள். கசிவு இருந்ததா என்பது எக்ஸ்ஆர்டியில் பிறகு தெரியும். செம்புக் கதிரில் (செம்பு இலக்குள்ள குழாயிலிருந்து வரும் எக்ஸ் கதிர்) 35.4 டிகிரியை ஒட்டி ஒரு மேடு எழும்பினால் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு உருவாகியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

தூள் அப்பிக்கொள்ளாமல் இருக்க ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். எடையில் ஒரு சதவீதம்தானே என்று அலட்சியமாகப் போடுவார்கள். கணக்குப் பார்ப்போம். 20 கிராமுக்கு 0.2 கிராம் அமிலம்; அதில் முக்கால் பங்குக்கு மேல் கார்பன், அதாவது 0.15 கிராம். கார்பன் அணு லேசானது என்பதால், அத்தனையும் தூளிலேயே தங்கினால் அணுக்கணக்கில் 3 சதவீதம் ஆகிவிடும். சிலிக்கானை ஒரு சதவீதத் துல்லியத்தில் பேசுகிற இடத்தில் இது பெரிய எண். இரும்பு–சிலிக்கானில் நொறுங்குகிற பங்காளி ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். முதலில் அமிலம் இல்லாமலே ஓட்டிப் பாருங்கள். தூள் சுவரில் பாறைபோல அப்பினால் மட்டும் அரை சதவீதம் சேருங்கள். அமிலம் சிதைந்து கிண்ணத்துக்குள் வாயுவும் சேரக்கூடும். திறக்கும்போது முகத்தை விலக்கியே வைத்திருங்கள்.

ஓட்டுவதும் இடையில் எடுப்பதும்

கோள் வகை மில்லில் (கிண்ணம் தானும் சுழன்று, தட்டோடும் சுற்றி வருவது) நிமிடத்துக்கு 300 சுற்று, 15 நிமிடம் ஓட்டம், 15 நிமிடம் ஓய்வு என்று தொடங்கலாம். ஓய்வு கொடுக்காவிட்டால் கிண்ணம் சூடேறி, அரைவையில் வந்த மாற்றமா வெப்பத்தில் வந்த மாற்றமா என்று பிரிக்க முடியாமல் போகும். குறிப்பேட்டில் நிகர ஓட்ட நேரத்தை எழுதுங்கள். 50 மணி நேர அரைவை என்றால் கடிகாரத்தில் 100 மணி நேரம்.

வேறொருவர் கட்டுரையில் 20 மணி என்று போட்டிருந்தால் உங்களுக்கும் 20 மணியில் முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். குலுக்கு வகை மில் சில மணி நேரத்தில் செய்து முடிப்பதைக் கோள் வகை மில் பல பத்து மணி நேரம் இழுக்கும். குண்டின் அளவு, சுற்று வேகம், நிரப்பும் அளவு எல்லாம் சேர்ந்ததுதான் நேரம். நேரத்தை மட்டும் இரவல் வாங்கினால் பயனில்லை.

2, 5, 10, 20, 30, 50 மணி நேரங்களில் 0.3 கிராம் வீதம் எடுக்கலாம். கிண்ணம் அறை வெப்பநிலைக்கு ஆறும் வரை காத்திருந்து, மறுபடி கிளவ் பாக்ஸுக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும். இது வெறும் சுத்தத்துக்காக மட்டும் சொல்வதல்ல. புதிதாக உடைந்த நைசான இரும்புத் தூள் காற்றுப் பட்டவுடன் தானே கனன்று பற்றிக்கொள்ளக்கூடும். வெளியே எடுக்க வேண்டியிருந்தால், கிளவ் பாக்ஸுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைக் காட்டிப் பழக்கிய பிறகே எடுங்கள். முகக்கவசம் கட்டாயம். பக்கத்தில் உலர்ந்த மணல் வாளி இருக்கட்டும், தண்ணீர் கூடாது.

தூளை எடுக்கும்போதெல்லாம் கிண்ணத்தின் அடி மூலையையும் மூடியின் உட்புறத்தையும் சுரண்டிக் கலந்துவிடுங்கள். குண்டு எட்டாத அந்த மூலைகளில் அரைபடாத சிலிக்கான் பதுங்கியிருக்கும். கடைசி மாதிரியில் திடீரென்று சிலிக்கான் பீக் திரும்பி வந்தால், அணுக்கள் பிரிந்துவிட்டன என்று கோட்பாடு கட்டுவதற்கு முன் மூலையைச் சந்தேகப்படுங்கள். எடுக்க எடுக்கத் தூள் குறைந்து, குண்டு–தூள் விகிதம் 10லிருந்து 11ஐ நெருங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். துல்லியம் வேண்டுமென்றால் ஒவ்வொரு நேரத்துக்கும் தனித்தனியாகப் புதுத் தூள் போட்டு ஓட்டுவதே வழி.

உள்ளே என்ன நடக்கிறது

குண்டுகள் மோதும்போது இரும்பு நசுங்கித் தட்டையாகும், சிலிக்கான் உடையும். உடைந்த துணுக்குகள் இரும்புத் தகடுகளுக்கு இடையில் சிக்க, தகடுகள் ஒன்றோடொன்று குளிர்நிலையிலேயே பற்றவைத்துக்கொள்ளும். மறுபடி நசுங்கும், மடியும், உடையும். வீச்சுப் பரோட்டா மாவை மடித்து மடித்துத் தட்டுவதுபோல அடுக்குகள் பெருகி, ஒவ்வோர் அடுக்கும் மெலிந்துகொண்டே போகும். ஐந்து மணி நேரத் தூளைப் பிசினில் பதித்து, மெருகேற்றி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பின்சிதறல் முறையில் பாருங்கள். வெளிர் இரும்புப் பட்டைகளுக்கிடையே கருமையான சிலிக்கான் கோடுகள் நெளிந்து ஓடும். அந்தக் கோடுகள் கண்ணுக்கு மறைவதும் கரைந்ததற்குச் சான்று ஆகாது. நுண்ணோக்கியின் பிரிதிறனுக்குக் கீழே போயிருக்கலாம்.

இதற்கிடையில் இரும்புக்குள் பிறழ்ச்சிக் கோடுகள் (அணு வரிசை தடம்புரண்ட இடங்கள்) பெருகி, ஒன்றுகூடி, படிகத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும். பத்து இருபது நானோமீட்டர் வரை போய் அங்கே நின்றுவிடும். இவ்வளவு எல்லைப் பரப்பும் பழுதும் இருப்பதால், அறை வெப்பநிலையை ஒட்டியே சிலிக்கான் அணுக்கள் இரும்புக்குள் நகர வழி பிறக்கிறது. இரும்பும் சிலிக்கானும் கலந்தால் வெப்பம் வெளிவரும். அந்த ஆற்றல் நாட்டமும் உந்தித் தள்ளும்.

எக்ஸ்ஆர்டி: கவனம் இங்கேதான் வேண்டும்

முதலில் கதிர். செம்புக் கதிரின் ஆற்றல் இரும்பின் உட்கவர் விளிம்பைவிட (இரும்பு கதிரைத் திடீரென்று அதிகமாக விழுங்கத் தொடங்கும் ஆற்றல்) கொஞ்சம் அதிகம். அதனால் இரும்பு ஒளிர்ந்து, பின்னணி மலைபோல ஏறி, பலவீனமான பீக்குகளை விழுங்கிவிடும். கோபால்ட் குழாய் கிடைத்தால் அதையே கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஒற்றைநிறமாக்கி உள்ள கருவியோ, ஆற்றலைப் பிரித்தறியும் கண்டுணர்வியோ வேண்டும். ஆய்வகப் பொறுப்பாளரிடம் "செம்பா, கோபால்ட்டா?" என்று கேட்காமல் மாதிரியை நீட்டாதீர்கள். எளிதில் ஒப்பிட, இனி வரும் கோணங்களைச் செம்புக் கதிருக்கே தருகிறேன்.

தூய இரும்பின் அலகுக்கூட்டுப் பக்கம் 2.8665 ஆங்ஸ்ட்ராம், முதல் பீக் (110) 44.67 டிகிரியில் வரும்; அடைப்புக்குறியில் உள்ள எண்கள் அந்தப் பீக்கைத் தரும் அணுத் தளத்தின் பெயர். சிலிக்கானின் (111) 28.44 டிகிரியில். சிலிக்கான் கரையக் கரைய இரும்பின் கூடு சுருங்கும். 25 சதவீதத்தில் ஒழுங்கான இரும்பு சிலிசைடின் பெரிய கூடு 5.65 ஆங்ஸ்ட்ராம், அதில் பாதி 2.825. அப்போது முதன்மைப் பீக் 45.36 டிகிரியை ஒட்டி நிற்கும். ஆக முழுக் கரைசலுக்கும் மொத்த நகர்வு 0.7 டிகிரிதான். அதிலும் முதல் 10 சதவீதம் வரை சுருக்கம் மெதுவாகவே நடக்கும், அப்புறம்தான் வேகமெடுக்கும். 5 சதவீதம் கரைந்தால் முதல் பீக் நகர்வது சுமார் 0.05 டிகிரி.

இப்போது மாதிரித் தட்டைப் பாருங்கள். கண்ணாடிச் சில்லால் தூளைச் சமன்படுத்தும்போது அது விளிம்பைவிட 0.1 மில்லிமீட்டர் உயர்ந்து நின்றால், 200 மில்லிமீட்டர் ஆரமுள்ள கருவியில் பீக் அதே 0.05 டிகிரி மேலே நகரும். 5 சதவீதம் சிலிக்கான் கரைந்ததும், தூளை அசட்டையாக நிரப்பியதும் முதல் பீக்கில் ஒரே மாதிரித் தெரியும் என்று அர்த்தம். இரண்டும் ஒரே திசையில் நகர்த்துவதால் ஏமாறுவது மிக எளிது.

தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, ஒரே பீக்கை நம்பாமல் (110), (200), (211), (220), (310) எல்லாவற்றிலும் பக்க அளவைக் கணக்கிட்டு, நெல்சன்–ரைலி முறையில் (கோணத்துக்கு எதிராகக் கோடு வரைந்து) உயர் கோணத்துக்கு நீட்டிப் பார்ப்பது. உயரப் பிழை பெரிய கோணங்களில் தேய்ந்துவிடும். இரண்டு, தெரிந்த பொருள் ஒன்றைத் தூளோடு கலந்து அதன் பீக்கை அளவுகோலாக வைப்பது. வழக்கமாக இதற்குச் சிலிக்கான் தூளைத்தான் கையில் கொடுப்பார்கள். நமக்கு அது ஆகாது. மிச்சமிருக்கிறதா என்று நாம் தேடுவதே சிலிக்கானை! லாந்தனம் ஹெக்ஸாபோரைடோ, கொரண்டமோ கேளுங்கள்.

ஒழுங்கு அமைப்பு இருக்கிறதா என்று பார்க்க 27.3, 31.6 டிகிரிகளைப் பாருங்கள். டி.ஓ.3 அமைப்பின் மீயணிப் பீக்குகள் (ஒழுங்கு இருந்தால் மட்டும் தோன்றும் கூடுதல் பீக்குகள்) அங்கேதான் வரும். பலவீனமானவை, ஆகவே அந்தப் பகுதியை மட்டும் மெதுவாக, நீண்ட நேரம் அளக்கச் சொல்லுங்கள். 27.3ல் வருவதும் சிலிக்கானின் 28.44ம் பக்கத்துப் பக்கத்து வீடுகள் என்பதால், அகன்ற மேடு தெரிந்தால் எது எதுவென்று அவசரப்பட வேண்டாம். ஏற்கெனவே ஒழுங்காக இருக்கும் இரும்பு சிலிசைடு வார்ப்பை எடுத்து அரைத்தால் முதலில் பலியாவது இந்தப் பீக்குகள்தான். முதன்மைப் பீக்குகள் அகன்றாலும் நிலைத்திருக்கும். மோதல்கள் அணுக்களை இடம் மாற்றிப் போடுகின்றன, ஆனால் அடிப்படைக் கூட்டைக் கலைப்பதில்லை.

பீக் அகலத்திலிருந்து படிக அளவு

பீக் அகலத்திலிருந்து படிக அளவைத் தரும் ஷெரர் வாய்பாடு எல்லோருக்கும் தெரியும்: 0.9ஐ அலைநீளத்தால் பெருக்கி, அகலம் (ரேடியனில்) × கொசைன் தீட்டாவால் வகுப்பது; தீட்டா என்பது பீக் கோணத்தில் பாதி. கருவியின் சொந்த அகலத்தைக் கழித்த பின் (110) பீக் ஒரு டிகிரி அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஷெரர் தருவது 8.6 நானோமீட்டர். ஆனால் அரைத்த தூளில் உள்ளழுத்தத் திரிபும் (படிகம் உள்ளேயே இழுபட்டும் அமுங்கியும் இருப்பது) உண்டு. அது அரை சதவீதம் என்றால், அந்த ஒரு டிகிரியில் 0.47 டிகிரி திரிபால் வந்தது. மீதி 0.53 டிகிரிதான் அளவுக்குரியது. படிக அளவு 16 நானோமீட்டர் ஆகிவிடும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆக அரைத்த தூளுக்கு ஷெரரை மட்டும் போட்டு எண் சொல்வதில் அர்த்தமில்லை.

வில்லியம்சன்–ஹால் வரைபடம் இரண்டையும் பிரிக்கும். அகலம் × கொசைன் தீட்டாவை நிலைக்குத்தாகவும், 4 × சைன் தீட்டாவைக் கிடையாகவும் வைத்துக் கோடு போட்டால், சாய்வு திரிபையும் வெட்டுத்துண்டு அளவையும் தரும். இங்கே புதியவர்கள் திகைக்கிற இடம் ஒன்று உண்டு: புள்ளிகள் நேர்கோட்டில் உட்காராது. (200), (310) இரண்டும் மற்றவற்றைவிடத் தூக்கி நிற்கும். அளவீடு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரும்புப் படிகம் எல்லாத் திசையிலும் ஒரே விறைப்பு உடையதல்ல. கனசதுரத்தின் விளிம்புத் திசையில் அதன் யங் குணகம் சுமார் 130 கிகாபாஸ்கல், உடல் மூலைவிட்டத் திசையில் சுமார் 280. மென்மையான திசையில் அதே அழுத்தம் அதிகத் திரிபு தரும், பீக்கும் அதிகம் அகலும். (110), (211), (220) மூன்றும் இந்த விஷயத்தில் ஒரே இனம். அந்த மூன்றை வைத்து மட்டும் கோடு போடுங்கள், ஒழுங்காக வரும். ஐந்து புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்து, எதிர்மறை வெட்டுத்துண்டு கிடைத்து, அதைக் கட்டுரையிலும் போட்டவர்கள் உண்டு.

கரைந்ததற்கு வேறு சாட்சிகள்

மாஸ்பவர் நிறமாலை (காமா கதிரால் இரும்பு அணுக்கருவைச் சோதிப்பது) கிடைத்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. அது ஒவ்வோர் இரும்பு அணுவும் தன் அண்டை அயலாரில் எத்தனை பேர் சிலிக்கான் என்று சொல்வதைக் கேட்பதற்குச் சமம். தூய இரும்பில் அணுக்கரு உணரும் காந்தப் புலம் 33 டெஸ்லா. ஆறு கோடுகள் கூர்மையாக நிற்கும். ஒவ்வொரு சிலிக்கான் அண்டை வரும்போதும் புலம் குறையும். ஒழுங்கான டி.ஓ.3ல் இரண்டே இடங்கள்: எட்டு அண்டையும் இரும்பாக உள்ள அணுவுக்கு 31 டெஸ்லா, நான்கு இரும்பு நான்கு சிலிக்கான் உள்ள அணுவுக்கு 20 டெஸ்லா; பரப்பு விகிதம் 1க்கு 2. ஒழுங்கின்றிக் கரைந்தால் இடைப்பட்ட புலங்கள் எல்லாம் கலந்து அகன்ற கோடுகளாகத் தெரியும். எக்ஸ்ஆர்டியில் சிலிக்கான் பீக் மறைந்த மாதிரியில் 33 டெஸ்லாவின் ஆறு கோடுகள் இன்னும் கூர்மையாக நின்றால், கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: கரையவில்லை. நடுவில் இரட்டைக் கோடு எழும்பினால், காந்தமில்லாத மோனோசிலிசைடு உருவாகியிருக்கலாம்.

மாஸ்பவர் கருவி எல்லா இடத்திலும் இருக்காது. அதிர்வு மாதிரிக் காந்தமானி பல கல்லூரிகளில் உண்டு. அதை வைத்தே பாதிக் கிணறு தாண்டலாம். தூய இரும்பின் செறிவுக் காந்தம் அறை வெப்பநிலையில் கிராமுக்கு சுமார் 218 இ.எம்.யூ (காந்தத் திருப்புத்திறனின் அலகு). நம் 75–25 கலவை வெறும் கலவையாகவே இருந்தால், எடையில் 14 சதவீதம் காந்தமற்ற சிலிக்கான் என்பதால் 187 வரும். கரைந்தால் இரும்பு அணுக்களின் காந்தத் திருப்புத்திறனே குறைவதால், ஒழுங்கான சிலிசைடில் அது 130, 140 அளவுக்கு இறங்கும். 180ஐ ஒட்டி எண் வந்தால், எக்ஸ்ஆர்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் மில்லை மறுபடி ஓட்டுங்கள். ஆக்சைடு ஏறியிருந்தாலும் இந்த எண் குறையும். அதனால்தான் முன்பு காற்றுக் கசிவைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

அதே காந்தமானியில் கொயர்சிவிட்டியையும் (காந்தத்தன்மையைச் சுழியமாக்கத் தேவையான எதிர்ப்புலம்) பார்ப்பீர்கள். படிகம் நானோ அளவுக்குச் சிறுத்தால் காந்தம் மென்மையாகும், கொயர்சிவிட்டி படிக அளவின் ஆறாம் அடுக்கில் விழும் என்று ஹெர்ட்சரின் கோட்பாட்டைப் படித்துவிட்டு வருபவர்கள், அரைத்த தூளில் அது ஏறியிருப்பதைக் கண்டு குழம்புவார்கள். கோட்பாடு பிழையில்லை. அரைவை கொண்டுவந்த உள்ளழுத்தம் அந்த நன்மையைத் தின்றுவிடுகிறது. மென்காந்தம் வேண்டுமானால் அழுத்தத்தை மட்டும் தளர்த்தி, படிகத்தை வளரவிடாமல் மிதமாகச் சூடாக்க வேண்டும்.

சூடாக்கும்போது

வெப்ப அளவீட்டுக் கருவியில் ஆர்கானில் சூடேற்றினால் அரைத்த தூள் வெப்பத்தை வெளிவிடும். தேங்கிய திரிபு தளர்வது, ஒழுங்கு திரும்புவது, மிச்சமிருக்கும் சிலிக்கான் இரும்போடு வினைபுரிவது மூன்றுமே வெப்பத்தை வெளியேற்றும். ஒரே மேட்டைப் பார்த்து இன்னதுதான் என்று பெயர் சூட்டாதீர்கள். மேட்டுக்கு முன் ஒரு மாதிரி, பின் ஒரு மாதிரி என்று சூடாக்கி நிறுத்தி, இரண்டையும் எக்ஸ்ஆர்டியில் பாருங்கள். 27.3, 31.6 டிகிரிப் பீக்குகள் தலைகாட்டினால் ஒழுங்கு திரும்பியிருக்கிறது.

சூடாக்கிய மாதிரியின் படத்தை வைத்து அரைவையில் கரைந்தது என்று வாதிடக் கூடாது. அடுக்கடுக்காக மெலிந்து நிற்கும் கரையாத தூளும் சூட்டில் சில நிமிடங்களில் சிலிசைடாக மாறிவிடும். கடைசிப் படம் இரண்டுக்கும் ஒன்றுதான். வெப்பநிலைக்கு எதிராகக் காந்தத்தை அளக்கும்போதும் இதே எச்சரிக்கை. 770 டிகிரி செல்சியஸில் ஒரு சரிவு தெரிந்தால் கரையாத இரும்பு இருக்கிறது, 550ஐ ஒட்டித் தெரிந்தால் சிலிசைடு இருக்கிறது என்பது சரி. ஆனால் ஏற்றத்தின்போதே மாதிரி மாறிக்கொண்டிருக்கும். ஏறும் வளைவையும் இறங்கும் வளைவையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். இறங்கும்போது 770ல் இருந்த படி காணாமல் போயிருந்தால், கரைசல் உங்கள் மில்லில் அல்ல, அடுப்பில் முடிந்திருக்கிறது.

அப்படியானால் அடுத்த ஓட்டத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். நேரத்தை நீட்டினால் தேய்மானமும் கூடும் என்பதால், நான் முதலில் வேகத்தைக் கூட்டுவேன். பிறகுதான் குண்டு–தூள் விகிதத்தை 15க்குக் கொண்டுபோவேன். கிண்ணத்தைக் கழுவும்போது காஸ்டிக் சோடாவைத் தொடாதீர்கள்: மிச்சமிருக்கும் சிலிக்கானோடு சேர்ந்து ஹைட்ரஜனைக் கிளப்பும். கொஞ்சம் மணலும் எத்தனாலும் போட்டுக் குறைந்த வேகத்தில் சில நிமிடம் ஓட்டினால் கிண்ணம் சுத்தமாகிவிடும்.